எந்தப் பொம்மை நல்ல பொம்மை?

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தப்போ நடந்தது இது. அன்னையிலேர்ந்து மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருக்கு. எழுதிட்டா இறங்கிடும்னு ஒரு நப்பாசை.

அக்கா பொண்ணு ஒண்ணாங்கிளாஸ் படிக்கிறா. என்னை மாதிரியே நிறம், என்னை மாதிரியே வாய் :-) லீவுலயும் விடாம பொட்டி தட்டிக்கிட்டு இருந்த நான், லேப்டாப்பை மூடி வெச்சுட்டு அவ பக்கத்துல போய் உக்காந்தேன். நோட்டுல எங்க குடும்பத்தையே வரைஞ்சுக்கிட்டு இருந்தா. தாத்தா, அம்மாச்சி, அப்பா, அம்மா, நான், கடைசியா அவ. தாத்தாவுக்கு பிரவுன். எனக்கு பிரவுன் மேல கொஞ்சம் கறுப்பையும் தேய்ச்சு விட்டிருந்தா (நேர்மையான ஓவியர்!). அவளுக்கு மட்டும் வெளிறின ரோஸ் மாதிரி ஒரு கிரேயான். டப்பாவுல பார்த்தா அந்தக் கலரோட பேரே 'ஸ்கின்'.

"பாப்பா, நீயும் நானும் ஒரே கலர்தானே? எனக்கு மட்டும் ஏன் பிரவுன்?"

அவ நிமிர்ந்துகூடப் பார்க்கல. "நீங்க பாய்தானே மாமா, உங்களுக்குப் பரவால்ல."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. ராத்திரி அக்காகிட்ட கேட்டேன், அம்மாகிட்ட கேட்டேன். "நாங்க ஒண்ணும் சொல்லலடா, நம்ம வீட்டுல யாரு கலரைப் பத்திப் பேசுறா?"ன்னு ரெண்டு பேரும் சத்தியம் பண்ணாத குறை. ரெண்டு பேருமே பொய் சொல்ற ஆளுங்க இல்லை. அப்படின்னா ஆறு வயசுப் பிள்ளைக்கு இதை யாரு சொல்லிக் குடுத்தது?

இதே கேள்வியை 80 வருஷத்துக்கும் முன்னாடி அமெரிக்காவுல ஒரு கணவனும் மனைவியும் கேட்டிருக்காங்க, கையில நாலு பொம்மையை வெச்சுக்கிட்டு. அந்தப் பொம்மைங்க கடைசியில அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. ஆனா, அந்தக் கதையில எல்லாரும் சீக்கிரம் தாண்டிப் போற ஒரு எண் இருக்கு. நான் சொல்ல வந்ததே அந்த எண்ணைப் பத்தித்தான். முதல்ல கதை.

*

மேமி ஃபிப்ஸ் 1917ல் ஆர்கன்சா மாநிலத்தில் உள்ள ஹாட் ஸ்ப்ரிங்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா டாக்டர். வசதியான குடும்பம்தான். ஆனால் அமெரிக்காவின் தென்பகுதியில் அந்தக் காலத்தில் ஒரு கறுப்பின டாக்டரின் மகளுக்கும் பள்ளிக்கூடம் தனி, பஸ்ஸில் உட்காரும் இடம் தனி. 1896ல் பிளெஸ்ஸி வழக்கில் உச்ச நீதிமன்றமே 'தனித்தனியாக இருக்கலாம், சமமாக இருந்தால் போதும்' என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டது. தனி என்பது அப்படியே நடந்தது. சமம் என்பது காகிதத்தோடு நின்றுபோச்சு.

மேமி கணக்கு படிக்கத்தான் வாஷிங்டனில் இருக்கும் ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கென்னத் கிளார்க் அறிமுகமானார். இவர் பனாமா கால்வாய் பகுதியில் பிறந்து, சின்ன வயசில் அம்மாவோடு நியூயார்க்கின் ஹார்லெமுக்கு வந்தவர். உளவியல் படிச்சுக்கிட்டு இருந்தார். 'கணக்கை விட்டுட்டு உளவியலுக்கு வா' என்று மேமியை இழுத்ததும் இவர்தான். 1937ல் ரெண்டு பேரும் வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. (நம்ம ஊர் சினிமாவுக்குக் கொஞ்சமும் சளைச்ச கதை இல்லை.)

படிப்பு முடிச்ச அந்தக் கோடையில் மேமி ஒரு வக்கீல் அலுவலகத்தில் செயலாளராக வேலை பார்த்தார். நிறப்பிரிவினைக்கு எதிரான வழக்குகளுக்குத் தயார் செய்துகொண்டிருந்த வக்கீல்கள் வந்துபோகும் இடம் அது. பின்னால் உச்ச நீதிமன்ற நீதிபதியான தர்குட் மார்ஷலும் அந்த வட்டத்தைச் சேர்ந்தவர்தான். அதுக்கப்புறம் மேமி எடுத்துக்கொண்ட முதுகலை ஆய்வு, பள்ளிக்குப் போகும் முன்பே ஒரு கறுப்பினக் குழந்தைக்குத் 'நான் யார்' என்ற உணர்வு எப்போது, எப்படி வருகிறது என்பது. இதைத்தான் பிறகு கணவனும் மனைவியும் சேர்ந்து வளர்த்தெடுத்தார்கள். ஊர் என்னவோ 'கென்னத் கிளார்க்கின் பொம்மைச் சோதனை' என்றே சொல்லிப் பழகிவிட்டது. விதை மேமி போட்டது. கென்னத்தே இதைப் பலமுறை சொல்லியிருக்கார்.

ரெண்டு பேரும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார்கள். அங்கே உளவியலில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் கறுப்பினத்தவர் கென்னத், இரண்டாவது மேமி. மேமி வேணும்னே ஒரு காரியம் பண்ணினார். கறுப்பினத்தவர் பிறவியிலேயே அறிவில் குறைந்தவர்கள் என்று நம்பிய ஹென்றி காரெட் என்ற பேராசிரியரையே தனக்கு வழிகாட்டியாகத் தேர்ந்தெடுத்தார். இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, கதையில் திரும்ப வருவார்.

*

இப்போ பொம்மைக்கு வருவோம்.

ஹார்லெமில் 125ஆம் தெருவில் இருந்த ஊல்வொர்த் கடையில் பொம்மைகள் வாங்கினார்கள். ஒண்ணு 50 சென்ட். பழுப்பு நிறப் பொம்மை கிடைப்பதே அப்போ குதிரைக்கொம்பு. மொத்தம் நாலு பொம்மை. ரெண்டு வெள்ளை, தலைமுடி மஞ்சள். ரெண்டு பழுப்பு, தலைமுடி கறுப்பு. மற்றபடி ஒரே அச்சு, ஒரே முகம், இடுப்பில் ஒரே மாதிரி துணி.

3 வயசிலிருந்து 7 வயசு வரைக்கும் 253 கறுப்பினக் குழந்தைகள். அதில் 134 பேர் தென்பகுதி ஆர்கன்சாவில் கறுப்பினத்தவருக்கான தனிப் பள்ளிகளில் படித்தவர்கள். 119 பேர் வடக்கே மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்ப்ரிங்ஃபீல்டில், வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்கள். ஒவ்வொரு குழந்தையையும் தனியாகக் கூப்பிட்டு எட்டு விஷயம் கேட்டார்கள்.

உனக்கு விளையாடப் பிடிச்ச பொம்மையைக் குடு. நல்ல பொம்மை எது, குடு. பார்க்க மோசமா இருக்கிற பொம்மையைக் குடு. நல்ல நிறம் இருக்கிற பொம்மையைக் குடு. அப்புறம் வெள்ளைக்காரக் குழந்தை மாதிரி எது, கறுப்பினக் குழந்தை மாதிரி எது என்று ரெண்டு மூணு விதமாக. எல்லாம் முடிஞ்ச பிறகு கடைசிக் கேள்வி: உன்னை மாதிரி இருக்கிற பொம்மையைக் குடு.

இந்த வரிசையில்தான் சூட்சுமமே இருக்கு. 'உன்னை மாதிரி எது' என்று முதலிலேயே கேட்டால், குழந்தை உஷாராகி அதையே 'நல்ல பொம்மை' என்றும் எடுத்துக் கொடுத்துவிடும். அதனால் முதலில் ஆசையைக் கேட்டார்கள், கடைசியில்தான் அடையாளத்தைக் கேட்டார்கள்.

விளையாட வெள்ளைப் பொம்மையை எடுத்தவர்கள் 67 சதவீதம். 'நல்ல பொம்மை' என்று வெள்ளையைக் காட்டியவர்கள் 59 சதவீதம். 'மோசமா இருக்கிறது' என்று பழுப்புப் பொம்மையைக் கொடுத்தவர்களும் அதே 59 சதவீதம். இத்தனையும் முடிந்து, உன்னை மாதிரி எது என்றதும் 66 சதவீதம் பேர் அந்தப் பழுப்புப் பொம்மையைத்தான் எடுத்தார்கள்.

அதாவது ரெண்டு நிமிஷம் முன்னாடி 'இது மோசம்' என்று கையால் தொட்டுக் கொடுத்த அதே பொம்மையை, 'இது நான்' என்று திரும்பக் கொடுக்கணும். சில குழந்தைகள் அந்தக் கடைசிக் கேள்விக்கு அழுதார்கள், சிலர் அறையை விட்டு ஓடினார்கள். பார்த்ததில் கிளார்க் தம்பதி ரொம்பவே கலங்கிப்போய், முடிவுகளை உடனே வெளியிடவில்லை. சில வருஷம் அப்படியே வைத்திருந்துவிட்டு 1947ல்தான் பொம்மைக் கட்டுரையைப் பிரசுரித்தார்கள்.

கிரேயான் சோதனை ஒண்ணும் பண்ணியிருக்காங்க. இதைப் படிச்சப்போதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஒரு தாளில் இலை, ஆப்பிள், ஆரஞ்சு, எலி, ஒரு பையன், ஒரு பொண்ணு. பக்கத்தில் ஒரு டப்பா கிரேயான். இலைக்குப் பச்சை, ஆப்பிளுக்குச் சிவப்பு என்று சரியாகத் தீட்டுகிற பிள்ளையா என்று முதலில் பார்த்துக்கொண்டார்கள். அதுக்கப்புறம், 'இது நீதான்னு வெச்சுக்கோ, உன் நிறத்தைத் தீட்டு' என்றார்கள். இலைக்கும் ஆப்பிளுக்கும் சரியாகத் தீட்டிய பிள்ளைகளில் சிலர், தங்களுக்கு மட்டும் இருக்கிற நிறத்தை விட வெளுப்பாகத் தீட்டினார்கள். சிலர் சம்பந்தமே இல்லாத வேறு கலரை எடுத்தார்கள். கலர் தெரியாத குழந்தைகள் இல்லை. கலர் தெரிந்ததுதான் பிரச்சினையே.

எங்க வீட்டு நோட்டு என் கண்ணு முன்னாடி வந்து போச்சு.

*

இனி கோர்ட் கதை. இது தனிப் பதிவு போடுமளவுக்குப் பெரிசு, சுருக்கமா சொல்றேன்.

தெற்குக் கரோலினாவில் கிளாரண்டன் கவுண்டி. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு 30 பள்ளிப் பேருந்துகள் ஓடின. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒண்ணுகூட இல்லை, பல மைல் நடை. '30 வேணாம்யா, ஒரே ஒரு பஸ் குடு' என்றுதான் ஆரம்பித்தார்கள். கிடைக்கவில்லை. அது வளர்ந்து, பஸ் மட்டுமில்லை, தனிப் பள்ளி என்பதே தப்பு என்கிற வழக்காக மாறியது. பிரிக்ஸ் எதிர் எலியட் என்று பேர். வழக்கின் முதல் பேராக இருந்த ஹாரி பிரிக்ஸுக்குப் பெட்ரோல் பங்க் வேலை போச்சு. அவர் மனைவி எலைசாவுக்கு மோட்டல் வேலை போச்சு. மக்களைத் திரட்டிய பாதிரியார் ஜோசப் டிலேனின் வீடு 1951ல் எரிந்தது. ஒரு கையெழுத்துக்கு அந்த ஊரில் அவ்வளவு விலை.

வழக்கறிஞர் ராபர்ட் கார்ட்டர்தான் கிளார்க்கின் ஆய்வைத் தேடிப் பிடித்தார். கூட இருந்த வக்கீல்களிலேயே சிலர் சிரித்தார்கள். சட்டப் புத்தகத்தை எடுத்துக்கிட்டுப் போற இடத்துக்கு பொம்மையைத் தூக்கிக்கிட்டா போவாங்க? தர்குட் மார்ஷல் சரி என்றார். 1951 மே மாதம் கென்னத் பொம்மைகளை எடுத்துக்கொண்டு தெற்கே போய், அந்த ஊர்ப் பிள்ளைகள் 16 பேரைச் சோதித்தார். 16ல் 11 பேர் மோசமான பொம்மை என்று பழுப்பைக் காட்டினார்கள். சார்ல்ஸ்டன் நகர நீதிமன்றத்தில் கூண்டேறி இதைச் சொன்னார்.

மூணு நீதிபதிகளில் ரெண்டு பேர் எதிராகத் தீர்ப்பு எழுதினார்கள். வேட்டிஸ் வாரிங் என்ற வெள்ளைக்கார நீதிபதி மட்டும், பிரித்து வைப்பதே சமமின்மைதான் என்று தனியாக எழுதி வைத்தார். வர்ஜீனியாவில் நடந்த இதே மாதிரி வழக்கில், 1952ல், பிரிவினையை ஆதரித்துச் சாட்சி சொல்ல அரசு தரப்பு ஒரு பேராசிரியரைக் கூட்டிவந்தது. யார்னு நினைக்கிறீங்க? மேமியின் வழிகாட்டி ஹென்றி காரெட்தான்!

வெவ்வேறு இடங்களில் இருந்து வந்த ஐந்து வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் ஒண்ணு சேர்ந்தன. கான்சஸ் மாநிலம் டொபீகாவில் இருந்து வந்த பிரவுன் வழக்கின் பேர்தான் நிலைத்தது. 1954 மே 17. தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் தீர்ப்பை வாசித்தார். ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரல். நிறத்தை மட்டும் காரணமாக வைத்துப் பிள்ளைகளைப் பிரித்தால், சமூகத்தில் தங்கள் இடம் தாழ்ந்தது என்ற எண்ணம் அவர்கள் மனசில் விழும், அது பிறகு துடைக்க முடியாத வடுவாகலாம் என்பது தீர்ப்பின் சாரம். அதற்கு ஆதாரம் சொல்லும் 11ஆம் அடிக்குறிப்பில் முதலில் நிற்பது, கென்னத் கிளார்க் 1950ல் எழுதிய அறிக்கை.

50 சென்ட் பொம்மை 58 வருஷத்துச் சட்டத்தைச் சாய்ச்சிருச்சு. இப்படித்தான் இந்தக் கதையை எல்லாரும் முடிப்பாங்க. படிக்க நல்லாத்தான் இருக்கு.

*

ஆனா நான் முதல்ல சொன்ன அந்த எண் இருக்கே.

'மோசமா இருக்கிற பொம்மை' என்று பழுப்பைக் கொடுத்தவர்கள் மொத்தத்தில் 59 சதவீதம் இல்லையா? அதைத் தெற்கு, வடக்கு என்று பிரித்துப் பார்த்தால், தனிப் பள்ளியில் படித்த தெற்குப் பிள்ளைகளில் 49 சதவீதம். வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்த வடக்குப் பிள்ளைகளில் 71 சதவீதம்!

விளையாட எது பிடிக்கும் என்றதற்கும் அப்படித்தான். வெள்ளையைத் தேர்ந்தெடுத்தவர்கள் தெற்கில் 62, வடக்கில் 72.

அதாவது சட்டம் போட்டுப் பிரித்து வைத்த இடத்தை விட, பிரிக்காத இடத்தில் குழந்தைகளுக்குத் தங்கள் நிறத்தின் மேல் வெறுப்பு அதிகம் மாதிரி தெரியுது. தெற்குக் கரோலினா தரப்பு வக்கீல் ஜான் டேவிஸ் உச்ச நீதிமன்றத்தில் இதைப் பிடித்துக்கொண்டுதான் கிளார்க்கைக் கிண்டலடித்தார். 'பார்த்தீங்களா, உங்க கணக்குப்படியே தனிப் பள்ளியால பாதிப்பு இல்லையே?' என்கிற தொனி. கிளார்க் தரப்பு பதில், தெற்கில் குழந்தை 'நான் இப்படித்தான், என் இடம் இதுதான்' என்று ஒத்துக்கொண்டுவிட்டது, அதுவே பெரிய காயம் என்பது. எனக்கு இந்தப் பதில் முழுசா ஒட்டல. வசதிக்கேத்த மாதிரி வளைக்கிற மாதிரி இருக்கு. 16 பேரை வைத்து ஒரு கவுண்டியையே அளப்பது சரியா என்று மற்ற ஆய்வாளர்கள் கேட்ட கேள்வியும் நியாயமானதுதான். பிரவுன் தீர்ப்பு சரி என்பதற்கு இந்தப் பொம்மை தேவையே இல்லை. வரி கட்டுகிறவனின் பிள்ளைக்குப் பஸ் இல்லை என்பதே போதும்.

ஆனா அந்த 71ஐ எதிர்த்தரப்பு வாதமாக மட்டும் பார்த்து நாம நகர்ந்துடக் கூடாது. அந்த எண் வேற ஒண்ணைச் சொல்லுது. ஸ்ப்ரிங்ஃபீல்டில் வகுப்பு வாசலில் எந்தப் பலகையும் இல்லை. 'நீ மட்டம்' என்று எந்தச் சட்டமும் சொல்லலை. அநேகமா எந்த டீச்சரும் வாயால் சொல்லியிருக்க மாட்டாங்க. ஆனா 5 வயசுக் குழந்தைக்குத் தெரிஞ்சிருக்கு. யாரைப் பார்த்தா எல்லாரும் சிரிக்கிறாங்க, கதைப் புத்தகத்துல யார் படம் இருக்கு, கடையில எந்தப் பொம்மை நிறைய இருக்கு. இதையெல்லாம் குழந்தை எண்ணிக்கிட்டே இருக்கு. யாரும் பாடம் நடத்தலை. பாடம் மட்டும் நடந்திருக்கு.

இது வெறும் ஊகம் இல்லை என்று காட்டியவர்களில் ஒருவர் கொல்கத்தாவில் பிறந்த நளினி ஆம்பாடி. 2009ல் அவரும் மேக்ஸ் வைஸ்பக், கிரிஸ்டின் பாக்கர் என்ற இருவரும் சேர்ந்து ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் பிரபலமான 11 டிவி தொடர்களை எடுத்துக்கொண்டார்கள். காட்சிகளில் சத்தத்தை அணைத்தார்கள். ஒரு கதாபாத்திரத்தைப் படத்தில் இருந்தே வெட்டி எடுத்துவிட்டு, எதிரில் நிற்பவரின் முகத்தையும் உடம்பையும் மட்டும் காட்டினார்கள். 'இவர் யார்கிட்டயோ பேசுறார். அந்த ஆளை இவருக்குப் பிடிச்சிருக்கா?' என்பதுதான் கேள்வி.

கண்ணுக்குத் தெரியாத அந்த ஆள் வெள்ளைக்காரக் கதாபாத்திரம் என்றால், பார்த்தவர்கள் 'பிடிச்சிருக்கு' என்று அதிகம் சொன்னார்கள். கறுப்பினக் கதாபாத்திரம் என்றால் குறைவாக. கதையில் ரெண்டு பேருக்கும் சமமான அந்தஸ்துதான். டாக்டருக்கு டாக்டர், போலீஸுக்கு போலீஸ். வசனத்தில் ஒரு குறையும் இல்லை. முகத்தில் மட்டும் ஒரு சின்னக் குறைச்சல். இந்த மாதிரி காட்சிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சாய்வு தங்களை அறியாமல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. ஆனா 'இதுல ஏதாவது வித்தியாசம் கவனிச்சீங்களா' என்றால் அவர்களால் சொல்ல முடியலை.

எழுதினவனுக்குத் தெரியாது, நடிச்சவனுக்குத் தெரியாது, பார்க்கிறவனுக்கும் தெரியாது. ஆனா சரக்கு கைமாறிடுச்சு. 'நாங்க ஒண்ணும் சொல்லலடா'ன்னு அம்மாவும் அக்காவும் சொன்னது உண்மையாவே இருக்கலாம்னு இதைப் படிச்சப்போதான் எனக்குப் புரிஞ்சுது.

இது மாறவே மாறாத தலைவிதியும் இல்லை. 1969ல் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் ஹ்ராபா, கிராண்ட் என்ற ரெண்டு பேர் இதே பொம்மைச் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். இந்த முறை கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பான்மையினர் கறுப்புப் பொம்மையையே எடுத்தார்கள். கறுப்பு அழகு என்று தெருவெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பேச்சும் குழந்தை காதில் விழாமலா போகும்? அதே நேரம், மாறினது அப்படியே நின்றுவிடும் என்றும் சொல்ல முடியாது. 2005ல் கிரி டேவிஸ் என்ற பள்ளி மாணவி எடுத்த குறும்படத்தில் இதே கேள்வியைக் கேட்டபோது, 21 குழந்தைகளில் 15 பேர் வெள்ளைப் பொம்மையைத்தான் எடுத்தார்கள்.

*

நம்ம கதைக்கு வருவோம். நான் பொட்டி தட்டுறவன். ஒரு பக் வந்தா, யாரு மேல பழி போடலாம்னு பார்க்கறதுக்கு முன்னாடி லாகைத் தேடணும். அதனால தீபாவளிக்கு அடுத்த ரெண்டு நாள் வீட்டுல என்ன நடக்குதுன்னு சும்மா கவனிச்சேன்.

பக்கத்து வீட்டுல புதுசா பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனோம். அம்மா வந்து சொன்ன முதல் வார்த்தை, "நல்ல கலரா இருக்குடி பிள்ளை." பாப்பா பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தா. மத்தியானம் வெளியே ஓடினவளை "வெயில்ல ஆடாத, கருத்துடுவ"ன்னு கூப்பிட்டாங்க. அவகூட ஓடின பெரியம்மா பையனை யாரும் கூப்பிடலை. (பாய்தானே, பரவால்ல.) டிவியில ஓடுற சீரியல்ல கதாநாயகி ஒரு கலர், வேலைக்காரப் பொண்ணு ஒரு கலர். அலமாரியில அவளோட பொம்மைங்க ஏழு இருக்கு, ஏழும் வெள்ளை. அக்கா கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தா, அதுல அக்காவுக்கு அக்காவோட நிறமே இல்லை. போட்டோகிராபர் மாவுல முக்கி எடுத்திருக்கார்.

யாரும் எதையும் சொல்லலை. பாப்பா மட்டும் எண்ணிக்கிட்டு இருந்திருக்கா.

2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டதும் எழுந்த அலை இங்கேயும் வந்து மோதியது. 1975லிருந்து நம்ம வீட்டுக் கண்ணாடி முன்னாடி உட்கார்ந்திருந்த ஃபேர் அண்ட் லவ்லி, அந்த வருஷம்தான் க்ளோ அண்ட் லவ்லி ஆச்சு. ஷாதி.காம் தளம் நிறத்தை வைத்து வரன் வடிகட்டும் வசதியை எடுத்ததும் அதே ஜூன் மாதம்தான். அமெரிக்காவில் கிரேயோலா கம்பெனி தன் 'தோல் நிற' கிரேயானுக்கு 1962லேயே 'பீச்' என்று பேர் மாத்திடுச்சு. இதெல்லாம் நல்லதுதான், நான் குறை சொல்லலை. ஆனா இதெல்லாம் வாசல் பலகையைக் கழட்டுற வேலை. ஸ்ப்ரிங்ஃபீல்ட் வாசல்லயும் பலகை இல்லையே! நம்ம வீடெல்லாம் வடக்குப் பக்கம்தான் இருக்கு.

லாகைத் தேடிக்கிட்டே வந்தவனுக்குக் கடைசியா ஒரு என்ட்ரி கிடைச்சுது. அதைச் சொல்லாம விட்டா இந்தப் பதிவே பொய்.

தீபாவளி அன்னைக்குக் காலையில, அந்தப் படத்தை அவ வரையறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி, புதுப் பாவாடை போட்டுக்கிட்டு நின்னவளை நான்தான் போன்ல போட்டோ எடுத்தேன். கொஞ்சம் இருட்டா விழுந்த மாதிரி இருந்துச்சு. பிரைட்னஸை ஏத்தி, ஏதோ ஒரு ஃபில்டரையும் போட்டுட்டு, அவகிட்ட காட்டி, "இப்பப் பாரு, சூப்பரா இருக்க!"ன்னேன்.

'இப்பப் பாரு.' நான் வாயால சொன்னது அவ்வளவுதான். அவளும் பார்த்தா.

ஊர்லேர்ந்து கிளம்பறதுக்கு முந்தின நாள் டவுனுக்குப் போய், ஒரு கடை விடாம தேடி, பிரவுன்லயே ஆறேழு விதம் இருக்கிற ஒரு கிரேயான் டப்பா வாங்கிட்டு வந்து குடுத்தேன். பயங்கர சந்தோஷம் அவளுக்கு. போன வாரம் வீடியோ கால்ல அவ புதுசா வரைஞ்ச படத்தைக் காட்டினா. மரத்துக்கு ஒரு பிரவுன், நாய்க்கு ஒரு பிரவுன், தாத்தாவோட நாற்காலிக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டு. எல்லாத்தையும் உபயோகப்படுத்தியிருக்கா.

நடுவுல நிக்கிற அவ மட்டும் இன்னும் அதே 'ஸ்கின்' கலர்தான்.

நான் ஒண்ணும் சொல்லலை. சொல்லி மாத்துற விஷயமா இது? அவளை எடுத்த அந்த போட்டோவோட ஒரிஜினலைத் தேடி எடுத்து, ஒண்ணும் ஏத்தாம இறக்காம பிரிண்ட் போட்டு, என் மேஜையில வெச்சிருக்கேன். பொங்கலுக்கு அவங்க எல்லாரும் இங்க வர்றாங்க. அவ பார்ப்பா.